ஒத்திகை என்ன பாவம் செய்தது?

கேள்வி: என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். 'ஓகே கோ' என்ற அமெரிக்கக் குழுவின் பழைய பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். நாலு பேர் டிரெட்மில் மேல் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். பாட்டும் சுமார். நாள்கணக்கில் ஒத்திகை பார்த்தால் யார்தான் ஆட மாட்டார்கள்? இதில் கலை எங்கே இருக்கிறது?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: அம்மா, பாட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம். 'ஒத்திகை பார்த்தால் யார்தான் ஆட மாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். நம்மில் பாதிப் பேர் ஒத்திகைக்கே வருவதில்லை.

ஒத்து என்று ஒரு வாத்தியம் உண்டு. பார்க்க நாகஸ்வரம் மாதிரி இருக்கும், ஆனால் அதில் ராகம் வாசிக்க முடியாது. ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. சின்ன வயதில் டேங்க் ரோடு கோவில் திருவிழா ஒன்றில், ஊரிலிருந்து வந்திருந்த மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. எல்லாரும் நாகஸ்வரக்காரரைப் பார்க்க, நான் ஒத்துக்காரரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கன்னமும் உப்பியிருக்கும். அங்கே சேர்த்து வைத்த காற்று குழலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே, மூக்கு வழியாக அடுத்த மூச்சை இழுத்துக்கொள்வார். நாகஸ்வரக்காரர் நடுவில் தண்ணீர் குடித்தார், குழலின் வாயில் செருகும் சீவாளியை மாற்றினார். இவர் நிறுத்தவில்லை. காதோரம் இறங்கிய வேர்வை தோளில் சொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை. இன்றைக்கு அந்த வேலையைச் சுருதிப்பெட்டி செய்கிறது.

அந்த மனிதரின் மூச்சை எடுத்துத்தான் 'ஒத்து ஊதுகிறான்' என்று ஜால்ரா போடுகிறவனுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். இதில் எனக்குப் பல வருஷக் கோபம், இதே பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன். அடுத்தவனோடு ஒத்து நிற்பதைப் போலக் கடினமான வேலை கலையில் வேறு இல்லை. அப்படி ஒத்துப் பார்ப்பதுதானே ஒத்திகை?

சரி, உங்கள் மகன் பார்க்கிற காணொளிக்கு வருவோம். 2006இல் வந்தது. எட்டு டிரெட்மில்களைப் போட்டு, அடுத்தடுத்த பட்டைகள் எதிரெதிர்த் திசையில் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். கேமரா இடத்தை விட்டு அசையாது. மூன்று நிமிடமும் ஒரே ஷாட், வெட்டும் இல்லை ஒட்டும் இல்லை. சரியாக வர 17 தடவை எடுத்தார்கள். ஆடுகிற நாலு பேரும் நடனக்காரர்கள் அல்லர், கித்தாரும் டிரம்ஸும் வாசிக்கிற குழுவினர். 2007இல் குறுவடிவ இசைக் காணொளிக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது.

மறுபடி ஒரு தடவை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். முகங்களை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். ஒரு பட்டையிலிருந்து எதிர்த்திசையில் ஓடும் அடுத்த பட்டைக்குக் கால் மாற்றுகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் நீங்கள் தேடுகிற கலை இருக்கிறது. தரையில் ஆடுகிறவன் தவறினால் ஒரு அடி பிந்துவான், அடுத்த தாளத்தில் சேர்ந்துகொள்ளலாம். இங்கே தவறினால் பட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து விழுவான், அந்த ஷாட்டும் போச்சு. அவ்வளவு ஆபத்தை வைத்துக்கொண்டு, பூங்காவில் நடக்கிற மாதிரி முகத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் பையன் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். இதே குழு 2016இல் விமானத்துக்குள் எடையில்லாமல் மிதந்து ஆடிய காணொளியும் இருக்கிறது. ஒரு தடவை மிதந்தால் அரை நிமிடம்கூட நீடிக்காது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டிலும் ட்ரிஷ் சீ என்ற பெண்ணின் கை இருக்கிறது. குழுவின் பாடகர் டேமியன் குலாஷின் உடன்பிறந்தவர். டிரெட்மில் ஆட்டத்தை அமைத்தவர் அவர்தான். பாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடியதைச் சொன்னால், வீரப்பா போட்ட 'சபாஷ்' எல்லாருக்கும் ஞாபகம் வரும். அந்த ஆட்டத்தை அமைத்த ஹீராலால் யாருக்கு ஞாபகம் வருகிறார்?

ஒத்திகையை மதிக்காத ஊர் என்று சிங்கப்பூரைச் சொல்ல முடியாது. தேசிய தின அணிவகுப்புக்கு முன்பு வரிசையாகச் சனிக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும், தொடக்கநிலை ஐந்து மாணவர்களை அதற்கென்றே அழைத்துப் போவார்கள். கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹெலிகாப்டர் பறப்பதைப் பார்க்க மரினா அணைக்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களும் ஒத்திகை பார்க்க வந்தவைதான். எஸ்பிளனேட் சுரங்கநடையில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் கண்ணாடியில் தங்கள் நிழலைப் பார்த்து ஆடிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, 'ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்' என்று ஒரு பெண் எண்ணுவாள். ஒருவன் கையைத் தாமதமாகத் தூக்கினால் முதலிலிருந்து மறுபடி. யாரும் முகம் சுளிப்பதில்லை.

நம் ஆட்களின் கலைநிகழ்ச்சிகளுக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி நிகழ்ச்சியில் நானும் உதவிக்கு இருந்தேன். மேடையில் ஒரே ஒரு தடவை ஆடிப் பார்க்க நேரம் கேட்டோம். 'பிள்ளைங்க வீட்டிலேயே நல்லா ஆடுறாங்க, நேரா மேடைக்கு வந்துடுங்க, பார்த்துக்கலாம்' என்றார் ஏற்பாட்டாளர். அன்றைக்குப் பாட்டு நடுவிலிருந்து ஓடத் தொடங்கியது. எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேர் எப்படியோ தாவிப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் முதல் அடிக்குத் தூக்கிய கையை இறக்காமல், பாட்டின் ஆரம்பம் வரும் வரும் என்று அப்படியே நின்றாள். அது வரவே இல்லை. கீழே கைதட்டினார்கள். அதற்கு முன்பு பொன்னாடை போர்த்தும் சடங்கு மட்டும் இருபது நிமிடம் நடந்திருந்தது. இதை நான் முன்பு ஒரு தடவை எழுதியதிலிருந்து அந்த ஏற்பாட்டாளர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை. அந்தப் பிள்ளையின் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பாட்டு சுமார் என்கிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. கால்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகு டிரம்ஸ் எங்கே விழுகிறது என்று காது தானாகத் தேடியது. இப்போது எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது.

இந்த வருஷமும் சமூக மன்றங்களிலிருந்து தீபாவளி நிகழ்ச்சிக்கு அழைப்பு வரத் தொடங்கிவிட்டது. கூப்பிடுகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தக் காசில் முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஹாலைத் திறந்து வையுங்கள். பாட்டை முதலிலிருந்து போட ஒரு ஆளையும் கூட வையுங்கள்.