டீச்சர், உங்களுக்கு என்ன குறை என்று கேட்கிறீர்களே!

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் 34 வருஷம் ஆசிரியையாக இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றேன். கணவர் தவறி ஏழு வருஷம். வீட்டைப் பூட்டிவிட்டு, கைக்குழந்தையான பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சோழிங்கநல்லூரில் மகன் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. 14ஆவது மாடி. மகனும் மருமகளும் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் மத்தியானம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. விடிகாலை மூணு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்கிறான் மகன். எனக்கு என்ன குறை, ஏன் இப்படி இருக்கிறேன்?

பதில்: டீச்சர் என்றே கூப்பிடுகிறேன், நாலு மாதமாக உங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். காரணமே இல்லை என்கிறீர்கள். வேலை போயிற்று, ஊர் போயிற்று, இஷ்டப்பட்ட நேரத்தில் விளக்கை அணைத்துப் படுத்த வீடும் பூட்டிக் கிடக்கிறது, மூன்றும் ஒரே கோடையில். துக்கம் விசாரிக்கத்தான் யாரும் வரவில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் நல்ல சேதி: பென்ஷன், பேத்தி, லிஃப்ட் வைத்த வீடு.

ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967இல் ஒரு பட்டியல் போட்டார்கள். வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு, அவை மனதை எவ்வளவு அழுத்தும் என்று மார்க். துணை இறப்பதற்கு 100. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. மாலை போட்டு அனுப்பும் பணி ஓய்வுக்கு எவ்வளவு தெரியுமா? 45! கல்யாணத்துக்கே 50 போட்டிருக்கிறார்கள். பழைய பட்டியல்தான், நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் நல்லது நடந்தாலும் உடம்பும் மனசும் அதற்கு விலை கொடுக்கும் என்பதை அது ஒத்துக்கொள்கிறது. நன்றி கெட்டதனமா என்ற குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள். (பிடுங்கி நட்ட நாற்று கொஞ்சநாள் வாடித்தான் பச்சை கட்டும் என்று உங்களுக்கு யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நாற்று நாற்றங்காலில் இருந்தது மிஞ்சிப்போனால் முப்பது நாள். நீங்கள் 34 வருஷம்.)

ஏன் மத்தியானம் என்று யோசித்தீர்களா? இத்தனை வருஷமும் அந்த நேரத்தில் நாற்பது பிள்ளைகளின் சத்தம், மணி, சாப்பாட்டு டப்பா வாசனை. இப்போது பிள்ளை தூங்குகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஜன்னலுக்கு வெளியே ஆகாயம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பைப் புரட்டாதீர்கள், நீங்கள் இல்லாத ஆண்டு விழாப் போட்டோக்கள் இன்னும் அறுக்கும். ஒரே ஒரு தோழிக்குப் போன் போட்டுப் பேசுங்கள். சாயந்திரம் கீழே இறங்குங்கள். உங்கள் அடுக்ககத்தில் கணக்குக்குத் திணறும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாவது நிச்சயம் இருக்கும்.

மகனிடம் சொல்லத்தான் தயங்குவீர்கள். 'ஏதோ மாதிரி இருக்குடா' என்று சொன்னால் அவன் பயந்துபோய் டிவி வாங்கிக் கொடுப்பான். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள், மருமகளும் இருக்கும்போதே: ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, மாதம் ஒருமுறை மூன்று நாள் ஊருக்குப் போவேன், அதற்குத் தக்கபடி நீங்கள் இருவரும் லீவு போட்டுக்கொள்ளுங்கள். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகிற நேரத்துக்குக் கும்பகோணம் வந்துவிடுகிறது, இது ஒன்றும் பெரிய வரம் இல்லை.

தூக்கத்துக்கு, மதியத்துக்கு மேல் காபி வேண்டாம் (கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடம்தான்), பேத்தியோடு பகலில் படுப்பதை அரை மணிக்குள் நிறுத்துங்கள், காலை வெயிலில் கொஞ்சம் நடங்கள். தைராய்டும் பி12-ம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அவை குறைந்தாலும் சோர்வு இதே மாதிரி வரும்.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேலும் தினமும் தொடர்ந்தால், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள், மகன் ஒப்புதல் தரக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், மூணு மணி விழிப்புக்கும் உதவும். இருந்து என்ன பயன் என்று ஒரு நொடி தோன்றினாலும் அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், மகனை எழுப்பிச் சொல்லுங்கள்.

வீட்டை விற்பது இந்த வருஷம் வேண்டவே வேண்டாம். மனசு இப்படி இருக்கும்போது பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. சாவி உங்களிடமே இருக்கட்டும். முதல் பயணத்தில் போய் ஜன்னலையெல்லாம் திறந்து வையுங்கள், எலி குடியேறியிருந்தால் அதையும் எனக்கு எழுதுங்கள்.