தையல் இயந்திரமாய் ஒலிக்கும் சைலோஃபோன்

கேள்வி: எங்கள் ஊர்க் கொடை விழாவுக்காகக் கணினியில் சைலோஃபோன் மெய்நிகர் கருவியைக் கொண்டு ஒரு பாடல் அமைக்கிறேன். ஒரே ஸ்வரத்தை விரைவாக அடுக்கினால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் கேட்கிறதே, ஏன்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஒவ்வொரு மரக்கட்டையையும் தட்டிப் பதிவுசெய்த ஒலித்துணுக்குகளின் தொகுப்பே அக்கருவி என்பதால், ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒரே வலுவில் தட்டிய பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் ‘ரவுண்ட் ராபின்’ வசதி உங்கள் மென்பொருளில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில், தட்டும் வலுவைக் கணினிக்குச் சொல்லும், 127 வரை செல்லும் மிடி வெலாசிட்டி என்ற எண்ணை எல்லா ஸ்வரங்களுக்கும் 100 என்று வைத்துவிடாமல் 84, 97, 90 என ஏற்றி இறக்குங்கள். வலுவுக்கேற்பத் தனித்தனிப் பதிவுகள் உள்ள கருவியாயின் ஒலியின் நிறமும் சேர்ந்தே மாறும். கல்லோ மரமோ, தட்டும் இடம் சற்று விலகினாலும் நாதம் வேறாகும் என்பதை, நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: சைலோஃபோனின் நாதம் சட்டென்று அடங்கிவிடும். நீண்ட ஸ்வரம் வேண்டுமானால் இரு குச்சிகளால் மாறி மாறி உருட்டுவதுபோல் அமையுங்கள். எதிரொலியை அள்ளிக் கொட்டினால் மரத்தின் கூர்மைதான் மழுங்கும்.