வாசகர் கேள்வி, நம்ம பதில்: அண்ணன் யாங்கீஸ், தங்கை ரெட் சாக்ஸ்

போன இதழில் யாரோ கேட்டதற்கு, ‘பேஸ்பாலில் பெரிய அணி நியூயார்க் யாங்கீஸ்தான், சந்தேகமே வேண்டாம்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். டெல்டாவில் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வந்த கடிதமெல்லாம் இதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை சினிமாவுக்கும் ஜோசியத்துக்கும் லீவு.

? என் மகன் நியூஜெர்சியில், மகள் பாஸ்டனில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு முன்னாலேயே யாங்கீஸ், ரெட் சாக்ஸ் சண்டை வந்துவிடுகிறது. 27 கோப்பை என்கிறான் அவன். எல்லாம் பழங்கதை என்கிறாள் இவள். பெத்தவள் நான் யார் பக்கம் பேசுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

எண்ணிக்கை என்று வந்தால் மகன் சொல்வதுதான் சரி அம்மா. வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடரை யாங்கீஸ் 27 முறை ஜெயித்திருக்கிறது, பாஸ்டனின் ரெட் சாக்ஸ் 9 முறை. ஆனால் அந்த 27-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 20 கோப்பை 1923-க்கும் 1962-க்கும் நடுவில் வந்தவை. அந்தக் காலத்தில் பெரும்பாலும் மொத்தமே 16 அணிகள், ஒரு லீக்கில் எட்டு. லீக்கில் முதலிடம் பிடித்தால் நேராக இறுதித் தொடர்தான், நடுவில் ப்ளேஆஃப் எதுவும் கிடையாது. ஒரு ஆட்டக்காரர் ஒரு அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர்களாக விற்றாலோ விடுவித்தாலோ ஒழிய வேறு இடத்துக்குப் போக முடியாது, நம் பக்கத்துப் பண்ணையாள் கதைதான், என்ன, சம்பளம் கொஞ்சம் அதிகம். அந்தக் கட்டு 1975-இல்தான் அவிழ்ந்தது. புதுப் பையன்களை, பின்தங்கிய அணி முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்கிற ‘டிராஃப்ட்’ முறையும் 1965-இல்தான் வந்தது. அதுவரை யாரிடம் காசு இருந்ததோ அவர்களுக்கே நல்ல பையன்கள்.

டிராஃப்ட் வந்த பிறகு எண்ணினால் யாங்கீஸ் 7, ரெட் சாக்ஸ் 4. 2001-இலிருந்து எண்ணினால் ரெட் சாக்ஸ் 4 (2004, 2007, 2013, 2018), யாங்கீஸ் ஒன்றே ஒன்று, அதுவும் 2009-இல். ப்ளேஆஃபில் இரண்டும் நேருக்கு நேர் மோதியது ஆறு முறை: 1999, 2003, 2025 யாங்கீஸுக்கு, 2004, 2018, 2021 ரெட் சாக்ஸுக்கு. சரிக்குச் சரி. தாத்தா வாங்கிப்போட்ட இருபது வேலியைக் காட்டி ‘நான்தான் பெரிய விவசாயி’ என்று பேரன் சொன்னால் ஊர் சிரிக்காதா? நான் மகள் பக்கம். போன இதழில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவளும் அந்த 9-ஐ ரொம்ப ஆட்ட வேண்டாம், அதில் ஐந்து 1918-க்குள் வந்தவை.

? பேப் ரூத்தை விற்றதால் ரெட் சாக்ஸுக்குச் சாபம் பிடித்து 86 வருஷம் கோப்பையே இல்லை என்கிறார்களே, நிஜமா?
– வாசகர், கும்பகோணம்

சாபம் என்றால் திருநள்ளாற்றுக்கு வந்து ஒரு முழுக்குப் போட்டிருக்கலாம், 86 வருஷம் ஆகியிருக்காது. நடந்தது கடன் கதை ஐயா. ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃபிரேஸி நாடகத் தொழிலிலும் இருந்தவர், கையில் பணம் தட்டுப்பாடு. 1919 சீசனில் 29 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்துச் சாதனை செய்த ரூத்தை அந்த டிசம்பரிலேயே 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார். அதோடு விடவில்லை. யாங்கீஸ் முதலாளியிடம் சுமார் 3 லட்சம் டாலர் கடனும் வாங்கினார், அடமானம் தன் அணி விளையாடும் ஃபென்வே பார்க் மைதானமே. காளையை விற்றதுமில்லாமல் அதை வாங்கினவனிடமே வயல் பத்திரத்தையும் கொடுத்துவிட்டு வந்த ஆளை என்ன சொல்வது! அடுத்த வருஷம் நியூயார்க்கில் ரூத் அடித்தது 54.

ஆனால் எல்லாப் பழியையும் ஃபிரேஸி தலையில் போட்டுவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. 1947-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக இறங்கி நிறவெறிச் சுவரை உடைத்த பிறகும், கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரைக் களமிறக்க ரெட் சாக்ஸுக்கு இன்னும் 12 வருஷம் ஆனது. 1959, பம்ப்ஸி கிரீன். எல்லா அணிகளிலும் கடைசி அவர்கள்தான். (யாங்கீஸும் ஒன்றும் யோக்கியமில்லை, 1955 வரை இழுத்தடித்தார்கள்.) நல்ல ஆட்டக்காரர்கள் எதிரே நிற்கும்போது தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்கள் தோற்றதற்குப் பேப் ரூத்தின் சாபம் எதற்கு?

அந்த 86 வருஷ வறட்சி முடிந்த விதம் மட்டும் நிஜமாகவே கதை மாதிரிதான். 2004 ப்ளேஆஃபின் ஏழு ஆட்டத் தொடரில் ரெட் சாக்ஸ் யாங்கீஸிடம் 3–0 என்று பின்தங்கி, நாலாவது ஆட்டத்தின் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸிலும் பின்தங்கியிருந்தபோது அவர்களுடைய டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் ‘திருடினார்’, அதாவது பந்து அடிபடக் காத்திராமல் ஓடிப் பிடித்தார். அங்கிருந்து வரிசையாக நாலு வெற்றி. பேஸ்பால் ப்ளேஆஃபில் அதற்கு முன் அப்படி யாரும் மீண்டு வந்ததில்லை. அதே ராபர்ட்ஸ்தான் இப்போது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மேனேஜர், நம்ம பாஷையில் தலைமைப் பயிற்சியாளர்.

? காசு இருந்தால் கோப்பையை வாங்கிவிடலாம், அவ்வளவுதானே?
– விவசாயி, தலைஞாயிறு

கடைமடையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள், உங்களுக்கு விளக்குவது சுலபம். தேசிய டிவி ஒப்பந்தப் பணம் மேட்டூர் தண்ணீர் மாதிரி, 30 அணிகளுக்கும் சமமாகப் பிரியும். ஆனால் உள்ளூர் டிவியும் டிக்கெட்டும் அவரவர் வயலில் போட்ட போர்வெல். நியூயார்க்கில் ஊற்று பொங்குகிறது. 2002-இல் யாங்கீஸ் தனக்கென்று ஒரு சேனலே ஆரம்பித்துவிட்டது. பிட்ஸ்பர்க்கில் தோண்டினால் ஈரம்தான் வருகிறது. இதைச் சரிக்கட்ட ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டு எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு அளவைத் தாண்டினால் வரி, 2025-இல் அந்த அளவு 24.1 கோடி டாலர். டாட்ஜர்ஸ் 2024-க்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வரி கட்டியது. கட்டிவிட்டு 2024, 2025 இரண்டு வருஷமும் கோப்பையைத் தூக்கியது.

அவர்களுடைய ஜப்பான் நட்சத்திரம் ஓட்டானியின் ஒப்பந்தம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர், அதில் 68 கோடியை ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு 2034-இலிருந்து வாங்கிக்கொள்கிறேன், வட்டி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அறுப்புக் கூலியை அடுத்த தலைமுறை அறுப்பில் வாங்குவது போல.

ஆனாலும் ‘அவ்வளவுதானே’ என்று முடிக்க முடியாது. நியூயார்க் மெட்ஸ் 2023-இல் 30 கோடி டாலருக்கும் மேல் சம்பளம் கொட்டி 75 வெற்றி, 87 தோல்வி. 2002-இல் ஓக்லாண்ட் ஏ’ஸ் சுமார் 4 கோடி டாலர் சம்பளத்தில் 103 ஆட்டம் ஜெயித்தது, மூன்று மடங்கு செலவழித்த யாங்கீஸும் அதே 103. நீண்ட சீசனில் பணம் பேசும், அக்டோபரில், ப்ளேஆஃபின் ஏழு ஆட்டத் தொடரில் கொஞ்சம் திக்கும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பொதுத் தண்ணீரை வாங்கிக்கொண்டு நடவே செய்யாமல் இருக்கிற சில முதலாளிகள் மேல்தான். பங்காக வந்த பணத்தை அணிக்குச் செலவழிக்கவில்லை என்று 2018-இல் ஆட்டக்காரர் சங்கமே நாலு அணிகள் மேல் புகார் கொடுத்தது.

? தோற்றுக்கொண்டே இருக்கிற அணியை வைத்திருப்பதில் முதலாளிக்கு என்ன லாபம்?
– ஆடிட்டர், தஞ்சாவூர்

தொழிலில் இருக்கிற நீங்கள் கேட்கலாமா சார்? பைபாஸ் ஓரம் தரிசாகக் கிடக்கிற வயலுக்கு என்ன லாபமோ அதேதான். ஜார்ஜ் ஸ்டெயின்பிரெனர் குழு 1973-இல் சுமார் 1 கோடி டாலருக்கு யாங்கீஸை வாங்கியது. 2025-இல் ஃபோர்ப்ஸ் போட்ட மதிப்பு 820 கோடி டாலர். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் நில விலை ஏறுகிறது. நாலு கோப்பை ஜெயித்துக் கொடுத்த ஓக்லாண்ட் ஊரை விட்டு ஏ’ஸ் 2024-இல் கிளம்பியே போய்விட்டது, லாஸ் வேகாஸில் புது மைதானம் கட்டும்வரை சாக்ரமெண்டோ பக்கம் ஜாகை. 2023 ஜூனில் ரசிகர்கள் ‘விற்றுவிடு’ என்று எழுதிய சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் திரண்டு கத்திப் பார்த்தார்கள். முதலாளி விற்கவில்லை.

? அண்ணா, நம்ம ஊர் ஆளுங்களுக்கு யாங்கீஸ் எதுக்கு? சிஎஸ்கேவா மும்பையா, அதைச் சொல்லுங்க.
– கல்லூரி மாணவர், திருவாரூர்

கோப்பை இருவருக்கும் ஐந்தைந்து. இறுதிப் போட்டியில் நாலு முறை மோதி மும்பைக்கு மூன்று, நமக்கு 2010 ஒன்று. 2019-இல் ஒரு ரன்னில் தோற்றதை இங்கே எழுதினால் எனக்கே தூக்கம் வராது. நம் ஆட்கள் 2016, 2017 இரண்டு வருஷம் தடையில் இருந்தும் ஐந்து சேர்த்ததால் நான் மஞ்சள் பக்கம்தான் தம்பி, 2025-இல் கடைசி இடம் வந்த பிறகும். ஆனால் இங்கே காசு வாதம் எடுபடாது. 2008-இல் மும்பையை 11.19 கோடி டாலருக்கும் சென்னையை 9.1 கோடி டாலருக்கும் வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் ஏலத்தில் பை எல்லாருக்கும் ஒரே அளவு, 2025-க்கு 120 கோடி ரூபாய். முறைவைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி. வேண்டுமானால் மடையைக் கவனிக்காதவனைத் திட்டலாம்.

? இந்தியர் யாராவது அங்கே ஆடியிருக்கிறார்களா?
– வாசகர், மயிலாடுதுறை

ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு பையன்களை 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது. இருவரும் ஈட்டி எறிந்தவர்கள், பந்து வீசும் போட்டி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். கீழ்மட்ட லீக்குகளைத் தாண்டவில்லை. கொல்கத்தாவுக்கு சிக்ஸர் அடிக்கிற ரிங்கு சிங் வேறு ஆள்.

? யாங்கீஸ் ஆட்டம் நம்ம ஊர் நேரத்துக்கு எப்போது வரும்? மகனோடு போனில் பேசிக்கொண்டே பார்க்க ஆசை.
– மறுபடியும் அதே மன்னார்குடி ஆசிரியை

நியூயார்க்கில் இரவு 7 மணி என்றால் நமக்கு விடிகாலை நாலரை. வாசல் தெளிக்கிற நேரம்தான், டிகாக்‌ஷனை முதல்நாள் ராத்திரியே இறக்கி வைத்துவிடுங்கள். மகளையும் அதே அழைப்பில் சேர்ப்பதாக இருந்தால் சத்தத்தைக் குறைத்து வைப்பது நல்லது, அக்கம்பக்கத்தில் தூங்குவார்கள்.