நானே சுருள் சுற்றும் அட்டமைசரில் தொடங்க விரும்புகிறேன். முதலில் எதைக் கற்க வேண்டும்?

நுவரெலியாவில் வேலை செய்வதாகவும், கொழும்பிலிருக்கும் உறவினர் ஒருவர் தந்த அட்டமைசரில், அதாவது இலத்திரனியல் சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பகுதியில், நீங்களே கம்பிச் சுருள் சுற்றி, திரவத்தை உறிஞ்சும் பஞ்சு வைக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காலை வேளையில் மட்டும் பஞ்சு கருகுவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பதில் எழுதிய ஒருவர், காணொளி ஒன்றைப் பார்த்துக் கம்பியைச் சுற்றினால் போதும், மின்சாரக் கணக்கெல்லாம் வேண்டாம் என்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளனாக இருக்கும் என்னால் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சிகரெட்டை விட முயல்கிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் இதற்கு வந்தேன். புகைக்காத எவரையும் நான் இதற்கு அழைக்கவில்லை; நிக்கோட்டின் அடிமையாக்கும் பொருள் என்பதை மறைக்கவும் இல்லை. புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளை 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இலங்கையில் தடை செய்திருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கருவி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அது கையில் வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் அக்கறை.

எங்கள் தோட்டத்து இளைஞர் ஒருவர், மெக்கானிக்கல் மோட் ஒன்றைக் கொண்டுவந்தார். மோட் என்பது மின்கலத்தை வைக்கும் பகுதி; இது உள்ளே எந்தப் பாதுகாப்பு மின்சுற்றும் இல்லாத உலோகக் குழாய். இரட்டைச் சுருள் கட்டியிருந்தார். சாதாரண மல்டிமீட்டரில் சுருளின் தடையை அளந்ததாகவும் 0.3 ஓம் காட்டியதாகவும் சொல்லி, “அண்ணே, ஒருதரம் அழுத்திப் பார்க்கவா?” என்று கேட்டார். நான் விடவில்லை. அவருடைய மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தபோதே அது 0.15 ஓம் காட்டியது. அது வயர்களின் சொந்தத் தடை. அதைக் கழித்தால் சுருளுக்கு எஞ்சுவது வெறும் 0.15 ஓம்தான். அட்டமைசருக்கென்றே விற்கப்படும் என்னுடைய சிறிய ஓம் மீட்டரும் அதையே காட்டியது. இந்தக் கருவிகளில் போடும் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் மின்கலம், முழுதாகச் சார்ஜ் செய்தால் 4.2 வோல்ட் தரும். அதை 0.3ஆல் வகுத்தால் 14 அம்பியர், 0.15ஆல் வகுத்தால் 28 அம்பியர். அவர் நினைத்ததைவிட இரு மடங்கு மின்னோட்டம் அந்தக் கலத்திலிருந்து போயிருக்கும்.

கலத்தின் உறையிலோ 9,900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. நகரத்துக் கடை ஒன்றில் வாங்கினாராம். நம்பத்தக்க உற்பத்தியாளர்களின் 18650 கலங்கள் அதிகம் போனால் 3,500 அளவில்தான் இருக்கும். அதிக மின்னோட்டம் தாங்கக்கூடியவை பெரும்பாலும் 2,500க்கும் 3,000க்கும் இடையில், தொடர்ந்து 15 முதல் 20 அம்பியர் வரை தருபவை. 9,900 என்ற எண்ணே பொய் என்றால், அந்தக் கலம் எத்தனை அம்பியர் தாங்கும் என்பதை எதை வைத்து நம்புவது? அதை அவர் மீண்டும் பயன்படுத்தக் கூடாதென்று உறுதியாகச் சொன்னேன். போதாததற்கு அதன் பிளாஸ்டிக் உறையும் மேல் விளிம்பில் கிழிந்திருந்தது. கலத்தின் உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனையை அதிலிருந்து பிரிப்பது மெல்லிய வளையமும் அந்த உறையும் மட்டுமே. குளிருக்காக நாம் போடும் ஜாக்கெட்டின் பையில் சாவியோடும் சில்லறையோடும் தனிக் கலத்தைப் போட்டுக்கொண்டு திரிபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

குறைந்த வோல்ட்தானே, என்ன செய்துவிடும் என்ற அலட்சியம் எங்கள் பகுதியில் வேரூன்றியது. சுட வைப்பது வோல்ட் அன்று, மின்னோட்டம் என்பதைப் பள்ளியில் படித்தவர்களும் வீட்டுக்கு வந்தால் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே நீங்கள், உள்ளே கட்டுப்பாட்டு மின்சுற்று உள்ள ரெகுலேட்டட் மோட்டில் மட்டும் தொடங்குங்கள். அது தடையை அளந்து திரையில் காட்டும். தடை மிகக் குறைந்தாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ மின்சாரம் தர மறுத்துவிடும். அந்த இளைஞருடன் உட்கார்ந்து நான் கட்டியதையே உங்களுக்கும் சொல்கிறேன். 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள, 26 கேஜ் கான்தால் என்ற சூடேற்றும் கம்பியை 3 மில்லிமீற்றர் கோலில் ஆறு சுற்றுச் சுற்றினால், சுருளின் இரு முனைகளில் நீளும் கால்களையும் சேர்த்து ஏறத்தாழ 0.8 ஓம் வரும். அதற்கு 20 வாட் அளவு தாராளம். கலத்திலிருந்து போவது ஆறேழு அம்பியர்தான். சுருள் அடித்தளத்தையோ மூடியையோ தொடக் கூடாது. பஞ்சு வைப்பதற்கு முன், குறைந்த வாட்டில் பொத்தானை விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள்; நடுவிலிருந்து இரு பக்கமும் சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் முந்திச் சிவந்தால், பீங்கான் முனை இடுக்கியால் மெதுவாக வருடிச் சரிசெய்யுங்கள். பஞ்சு வைத்த பின் நனைக்காமல் ஒருபோதும் அழுத்த வேண்டாம்.

இனி உங்கள் காலைப் பிரச்சினை. இதற்கு விற்கப்படும் பல திரவங்களில் காய்கறிக் கிளிசரின் 70 பங்கும் புரோப்பிலீன் கிளைக்கோல் 30 பங்கும் இருக்கும். கிளிசரின் குளிரில் கெட்டியாகும். தேயிலைக் கொழுந்தையே உறைபனி கருக்கும் ஜனவரிக் காலையில் அது பஞ்சுக்குள் ஊற நேரம் எடுக்கும். நீங்கள் அடுத்தடுத்து இழுத்தால் சுருளைச் சுற்றியுள்ள பஞ்சு காய்ந்து கருகிவிடும். கொழும்பில் எழுதப்படும் அறிவுரைகளில் இது வராது, அங்கே அந்தக் குளிர் இல்லை. இரண்டும் சம பங்காக உள்ள திரவத்துக்கு மாறுங்கள், பஞ்சைச் சற்றுத் தளர்வாக வையுங்கள், கருவியை உள்பையில் வைத்து உடல் சூட்டில் இருக்க விடுங்கள்.

திரவத் தொட்டியுள்ள ஆர்டிஏவா (RTA), பஞ்சில் நேரடியாகத் திரவம் சொட்டுவிடும் ஆர்டிஏவா (RDA) என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்பீர்கள், இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்போல ஒலிக்கும். முதல் சில வாரங்களுக்குச் சொட்டுவிடும் வகையே நல்லது. பஞ்சு எப்படி ஊறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தொட்டி வகைக்குப் பிறகு மாறினால் ஒன்றை நினைவில் வையுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். பாதி நிரப்பிய தொட்டியோடு கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயா நிலையத்துக்கு ரயிலேறினால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து திரவத்தைப் பஞ்சின் வழியே வெளியே தள்ளும். ஒன்றில் காலியாகக் கொண்டுவாருங்கள், அல்லது காற்றுக்கு இடமில்லாதபடி நிரப்பி, நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள்.