பிரான்ஸ்ல திராட்சைத் தோட்டம், பழைய கிராமம் வழியா சைக்கிள் டூர் போகணும்னா எங்க போகலாம்? மலை ஏறிப் பழக்கம் இல்லாதவங்களால முடியுமா?

தாராளமா முடியும். அல்சாஸ் போங்க, பிரான்ஸோட கிழக்கு ஓரத்துல ஜெர்மனிய ஒட்டி இருக்கற பகுதி.

45 வயசு, இதுவரைக்கும் ஈசிஆர்ல மட்டும்தான் ஓட்டியிருக்கேன், மனைவியும் கூட வர்றாங்க, கையில அஞ்சு நாள்தான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கிட்டத்தட்ட இதே நிலைமையிலதான் நானும் என் மனைவியும் போனோம். நான் ஜெர்மனியில ஃப்ரைபுர்க் பக்கம் வேலை பாக்கறேன், ரைன் ஆத்தத் தாண்டினா அந்தப் பக்கம் அல்சாஸ். சொந்த ஊரு தேனி மாவட்டம், கம்பம் பக்கம், அப்பா இன்னைக்கும் பன்னீர் திராட்சை போட்டிருக்கார். அதனால எனக்கு இந்த ரூட் மேல தனிப் பாசம்னு முன்னாடியே சொல்லிடறேன்.

மொதல்ல அங்க ஏத்தம் எப்படி இருக்கும்னு சொல்றேன், உங்க பயமே அதுதானே. மேற்கால வோஜ் மலை, கிழக்கால ரைன் சமவெளி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாடா மாதிரி நீளமா திராட்சைச் சரிவு, கடல் மட்டத்துலேர்ந்து 200லேர்ந்து 400 மீட்டர் உயரத்துக்குள்ள. மேற்கேர்ந்து வர்ற மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே மழையக் கொட்டிட்டு வருது, அதனால கோல்மார் ஊருக்கு வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை கூட கிடையாது, பிரான்ஸ்லயே ரொம்ப வறண்ட ஊர்கள்ல ஒண்ணு. எங்க கம்பம் பள்ளத்தாக்கும் இதே கதைதான், தென்மேற்குப் பருவமழைய மலை கேரளா பக்கமே நிறுத்திடுது, இந்தப் பக்கம் திராட்சை. இத நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல, ரெண்டாவது நாள் காலையில ஒரு மேட்டுல மூச்சு வாங்க நின்னப்ப மலை உச்சியில கருமேகம், என் தலை மேல வெயில், அப்பதான் உறைச்சது.

மலையிலேர்ந்து ஓடைங்க இறங்கி சமவெளிக்கு வர்ற வாய்லதான் பெரிய ஊருங்கள்ல முக்கால்வாசி உக்காந்திருக்கு, அந்த்லோ, ரிபோவீலே, கைசர்ஸ்பெர்க், ட்யூர்க்ஹைம் எல்லாம் அப்படித்தான். ஒரு ஓடை வாயிலேர்ந்து அடுத்த ஓடை வாய்க்குப் போகணும்னா நடுவுல மலை நீட்டியிருக்கற ஒரு திட்டு மேல ஏறி இறங்கணும். ஆக பெரிய ஏத்தம்னு ஒண்ணும் கிடையாது, ஆனா 50, 80 மீட்டர் ஏத்தம் நாள் பூரா வந்துக்கிட்டே இருக்கும். ஈசிஆர் கணக்குல "ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் போயிடலாம்"னு பிளான் போட்டீங்கன்னா மதியமே தொடை பிடிச்சுக்கும். நாங்க ஒரு நாளைக்கு 25, 30தான் வச்சுக்கிட்டோம், நாலு நாள்ல சுத்திச் சுத்தி 110 கிலோமீட்டர். முன்னாடி சின்னப் பல்சக்கரம் இருக்கற வண்டியா பாருங்க, இல்லனா பேட்டரி சைக்கிள் எடுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, என் மனைவி அதுலதான் வந்தாங்க.

ரூட்டு: ஸ்ட்ராஸ்பூர்ல இறங்கி லோக்கல் ட்ரெயின்ல சைக்கிளோட ஓபெர்னே, அங்கேர்ந்து தெக்க பாத்து ஓட்டி கோல்மார்ல முடிங்க. 1953ல ஆரம்பிச்ச ஒயின் ரோடு ஒண்ணு இருக்கு, மார்லென்ஹைம்லேர்ந்து தான் (Thann)ங்கற ஊர் வரைக்கும் சுமார் 170 கிலோமீட்டர், ஆனா அது கார் ரோடு. நீங்க பாக்க வேண்டியது தோட்டங்களுக்குள்ள போற தனி சைக்கிள் வழி, பச்சை எழுத்து போர்டு வச்சிருப்பாங்க. சமவெளியில நேரா ஒரு ரோடு போகுது, வேகமா போயிடலாம், மேப்பும் அதத்தான் காட்டும், தயவுசெஞ்சு அதுல போகாதீங்க. அதுல போனா ஊருங்களத் தூரத்துல படம் மாதிரி பாக்கறதோட சரி.

மொத ரெண்டு நாள் மிட்டல்பெர்கைம், அந்த்லோ, தம்பாக், பெர்கைம். பெர்கைம்ல மதில் சுவர் இன்னும் கிட்டத்தட்ட முழுசா நிக்குது, வெளிப்பக்கமா நடந்தே சுத்தி வரலாம். நடுவுல 757 மீட்டர் உயரத்துல ஓ-கூனிக்ஸ்பூர் கோட்டை. 1633ல எரிஞ்சு இடிஞ்சு கிடந்தத, அல்சாஸ் ஜெர்மனி கையில இருந்தப்ப இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர் 1900லேர்ந்து 1908க்குள்ள மறுபடி கட்ட வச்சார். சைக்கிள்ல ஏறினா கிட்டத்தட்ட 500 மீட்டர் ஏத்தம். நான் மட்டும் ஏறினேன், ஏறினது கூட பரவால்ல, இறங்கறப்பதான் வாடகை வண்டியோட பின் பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்தது தெரிஞ்சது, கருகற வாசனை வந்துது, வண்டிய நிறுத்திட்டு மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே இறங்கினேன். வண்டி எடுக்கறப்பவே சக்கரத்தக் கழட்டி பிரேக் கட்டைய உங்க கண்ணால பாருங்க, கடைக்காரர் சொன்னார்னு கிளம்பாதீங்க.

மூணாவது நாள்தான் எனக்கு மறக்கவே முடியாதது. ஹுனாவீர்ல தோட்டத்துக்கு நடுவுல ஒரு கோட்டைச் சுவர் கட்டின சர்ச், கல்லறையையும் சேத்து ஆறு பக்கம் மதில். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் ரெண்டு பேருக்கும் பல நூறு வருஷமா அதே ஒரு சர்ச்தான். செப்டம்பர் கடைசி, அறுவடை நடந்துக்கிட்டிருந்துது. மதில் கீழ சைக்கிளச் சாச்சுட்டு தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தோம், வரிசைக்குள்ள கத்திரியோட இருந்த ஒரு பெரியவர் நான் கொத்தையே பாத்துக்கிட்டிருந்தத கவனிச்சுட்டு ஒண்ணு வெட்டிக் கொடுத்தார். கெவுர்ஸ்த்ராமினர் ரகம், சின்னச் சின்னக் காய், தோல் லேசான ரோஸ் கலர்ல செம்பு பூசின மாதிரி, கையில பிசுக்குன்னு ஒட்டுது. வாயில போட்டா பன்னீர் வாசனை. எங்க ஊர் திராட்சைக்கு பன்னீர்னு பேரு, இதுலயும் அந்த வாசனை இருக்குன்னு நான் நினைக்கவே இல்ல.

அப்படியே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் கேட்ட மொதக் கேள்வி "பந்தல் எங்கடா?" எங்க ஊர்ல கொடிய பந்தல்ல ஏத்தி விடுவோம், கொத்து தலைக்கு மேல தொங்கும், நிழல்ல நின்னு பறிப்போம். இங்க கம்பி இழுத்து சுவர் மாதிரி வரிசை, ஒவ்வொரு இலைக்கும் வெயில் பட்டாகணும். அடுத்து கவாத்து வெட்டின தழும்பக் காட்டச் சொன்னார், ஃபோனக் கொடிக்குப் பக்கத்துல கொண்டு போனேன். வருஷத்துக்கு ஒரே அறுவடைதான்னு சொன்னதும், ரெண்டு மூணு தடவ வெட்டிப் பழகின மனுஷன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப ஒரு ஆலங்கட்டி மழை வந்தா அந்த வருஷமே போச்சா"ன்னார். பெரியவருக்கு நான் ஜெர்மன்ல சொன்னேன், அவர் அல்சாஸ் பேச்சுல ஏதோ சொல்லி வானத்தக் காட்டினார். எனக்கு வார்த்தை முழுசாப் பிடிபடல, அப்பாவுக்குப் புரிஞ்சுது.

அடுத்து ரிக்வீர். எல்லாரும் போற ஊர்தான், 1291ல கட்டின டோல்டர் கோபுரம், மரச்சட்டம் தெரியற கலர் கலர் வீடுங்க. பகல்ல பஸ் பஸ்ஸா கூட்டம் வரும், தெருவுல சைக்கிள் தள்ளக்கூட முடியாது. அதனால ஊருக்குள்ளயே ரூம் போடுங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஊர் காலி, கல்லு பாவின தெருவுல நம்ம காலடிச் சத்தம் மட்டும் கேக்கும், எங்கயோ நிலவறையிலேர்ந்து திராட்சை புளிக்கற வாடை வரும்.

இதுக்குப் பக்கத்துலயே பென்வீர், சிகோல்ஸ்ஹைம்னு ரெண்டு ஊரு, டூர் புக்ல அவ்வளவா வராது. பழைய வீடே இருக்காது, எல்லாம் ஒரே மாதிரி 1950கள்ல கட்டின வீடு. ரெண்டாம் உலகப் போர்ல, 1944 டிசம்பர்ல நடந்த சண்டையில ரெண்டு ஊரும் தரைமட்டம். சிகோல்ஸ்ஹைம் மேட்டுல திராட்சைக்கு நடுவுல பிரெஞ்சுப் படை வீரங்க கல்லறை, 1,500க்கும் மேல, அதுல நிறைய பேர் மொராக்கோ, அல்ஜீரியாலேர்ந்து வந்த முஸ்லிம் வீரங்க. ஏத்தம் கொஞ்சம் கடினம், இறங்கித் தள்ளிக்கிட்டாவது போயிட்டு வாங்க. ரிக்வீர் ஏன் தப்பிச்சது, இது ஏன் தப்பிக்கலன்னு அங்க நின்னா மனசு கேட்டுக்கிட்டே இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு திட்டுதான்.

கடைசி ராத்திரி ட்யூர்க்ஹைம்ல தங்குங்க. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் ராத்திரி பத்து மணிக்கு ஊர்க் காவலாளி கருப்பு அங்கி, விளக்கு, ஈட்டியோட பாட்டு பாடிக்கிட்டே தெருத் தெருவா வருவார், பின்னாடியே நடக்கலாம், கட்டணம் இல்ல.

சாப்பாடு: மதியம் ரெண்டு மணி தாண்டினா சமையல்கட்டு மூடிடுவாங்க, பன்னெண்டரைக்கே உக்காந்துடுங்க. ஃப்ளாம்குஷ்னு மெல்லிசா ரொட்டி மாதிரி வரும், அதுல பன்றிக்கறி போட்டிருப்பாங்க, சைவம்னா வெறும் வெங்காயம், காளான் போட்டுத் தரச் சொல்லுங்க. ஊர் நடுவுல இருக்கற அழகான கல் தொட்டித் தண்ணி நிறைய இடத்துல குடிக்கறதுக்கு இல்ல, போர்டு பாத்துட்டு பாட்டில் நிரப்புங்க. ஒயின் ருசி பாக்கக் கூப்பிடுவாங்க, துப்பறதுக்கு பாத்திரம் வச்சிருப்பாங்க, துப்பினா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சைக்கிள் ஓட்டறவங்களுக்கும் ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, போதாததுக்கு அடுத்து ஒரு இறக்கம் இருக்கும்.

மாசம்னா மே, ஜூன், இல்ல செப்டம்பர். அறுவடை சமயத்துல சில தோட்டப் பாதைய வெளி ஆளுங்களுக்கு மூடி வச்சிருப்பாங்க, போர்டு இருந்தா மதிச்சு சுத்திப் போங்க, அது அவங்க வருஷ வருமானம். தேதி முடிவானதும் சொல்லுங்க, நாங்க தங்கின ஊர் வரிசையும் மேப் ஃபைலும் அனுப்பி வைக்கறேன்.