குடும்பப் படத்துக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டுமா?

காரைக்குடிப் பக்கம் உள்ள பூர்வீக வீட்டில் குடும்பப் படம் எடுக்கப் போகிறோம், இருபது பேருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தாலும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் ஐயாவுக்கு எண்பது நிறைந்தபோது கானாடுகாத்தான் வீட்டில் எல்லோரும் கூடினோம். படம் எடுக்க வந்தவர் முன்கூட்டியே நிறப் பட்டியல் அனுப்பியிருந்தார்: சந்தனம், தந்தம், வெளிர் ரோஜா. அண்ணமிண்டி, அதாவது அண்ணி, எல்லோருக்கும் அளவு கேட்டு வாங்கி வந்துவிட்டார். அப்பத்தா மட்டும் தன் கண்டாங்கியில், எங்கள் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலையில், வந்து ஐயா பக்கத்தில் உட்கார்ந்தார். அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கட்டம், கறுப்புக் கரை. அந்த மனிதர் எல்லோர் முன்னாலும், "பாட்டி, இது ஒட்டவே இல்லை, மாத்திட்டு வாங்க" என்றார். நாங்கள் அத்தனை பேரும் சும்மா நின்றோம். அப்பத்தா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், யாருடையதோ ஒரு சந்தன நிறப் பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

படமாவது நன்றாக வந்ததா? அதுவும் இல்லை. எங்கள் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர், வெள்ளையாகப் பளபளக்கும். அதன் முன்னால் வெளிர் துணி போட்டால் ஆளும் சுவரும் ஒன்றாகிவிடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு வேறு கீழிருந்து ஏறி, சேலை ஓரமெல்லாம் செம்மண் பட்டதுபோல் தெரிந்தது. பதினொரு மணி வெயிலில் முற்றத்தில் நின்றதால் வேட்டிகளில் மடிப்பே காணோம், வெறும் வெள்ளைதான். அந்தப் படத்தைப் பட்டாலைக் கூடத்தில் மாட்ட அப்பத்தா சம்மதிக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு மறுபடி எடுத்தோம். இந்த முறை அப்பத்தாவின் கண்டாங்கியை விரித்துப் போட்டு, அதற்கு ஒத்துப்போகும்படி ஆளுக்கு ஒரு நிறம் எடுத்துக்கொண்டோம். ஒருவர் கடுகு, ஒருவர் செங்கல், பிள்ளைகளுக்குக் கரும்பச்சை. புதிதாக வாங்கியது இரண்டே துணி. தம்பியின் பொடிக்கட்டச் சட்டை மட்டும் கேமராவில் அலை அலையாக நெளிந்தது, மாற்றச் சொன்னோம். கண்டாங்கியின் பெரிய கட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. காலை எட்டரைக்குள், முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தூண்களின் நிழலில் எடுத்து முடித்தோம். தேக்குத் தூணின் கருமைக்கு முன்னால் அந்த நிறங்கள் எப்படி எழுந்து நின்றன தெரியுமா!

பழமை பேசுகிறேன் என்று சிலர் வருவீர்கள். என் மகள் அந்தப் படத்தில் ஜீன்ஸ்தான் போட்டிருக்கிறாள், செங்கல் நிறக் குர்தாவோடு. கண்டாங்கிதான் கட்ட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பலரும் தேடி வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் நீலம் உடுத்துகிறார் என்றால் நீலத்திலிருந்து தொடங்குங்கள். அவரைப் போய் மாற்றச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டுவையுங்கள். முதல் முறை எங்களுக்கு வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டைத் திறந்தே விடவில்லை. வரி கட்டுவது நாங்கள், மழைக்கு ஓடு மாற்றுவது நாங்கள், சாவி மட்டும் சென்னையில் ஒருவரிடம். பட்டுச் சேலையோடு பெண்கள் முகப்புத் திண்ணையில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்.