பெற்றோர் இருவரும் ஓ வகை, குழந்தை பி வகை: இது சாத்தியமா?

கணவன், மனைவி இருவருக்கும் ஓ பாசிட்டிவ் என்றிருக்க, பிறந்த குழந்தைக்கு பி பாசிட்டிவ் என்று அறிக்கை வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாத்தியம்தான். ரத்த வங்கியில் பணிபுரிபவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஓ வகைப் பெற்றோருக்கு ஓ வகைப் பிள்ளைதான் பிறக்கும் என்னும் பாடநூல் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மீது ஐயம் கொள்வது அறிவியலும் அல்ல, நியாயமும் அல்ல. மாதிரிகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், மூவருக்கும் புதிதாக ரத்தம் எடுத்து மறுபரிசோதனை செய்யுங்கள். அதிலும் அதே முடிவு வந்தால், பாம்பே ரத்த வகை என்ற அரிய வகையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த அட்டவணை 9ஆவது குரோமோசோமில் உள்ள ஏபிஓ மரபணுவை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அந்த மரபணு உண்டாக்குவது ஆன்டிஜெனை (ரத்த வகையைக் காட்டும் சிவப்பணு அடையாளத்தை) அல்ல, ஒரு நொதியை. சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் ஹெச் ஆன்டிஜெனின் முனையில் ஏ நொதி ஒரு சர்க்கரையையும், பி நொதி வேறொரு சர்க்கரையையும் சேர்க்கின்றன. ஓ வகையினரிடம் இந்த நொதி செயல்படாததால் ஹெச் அப்படியே நிற்கிறது. ஹெச் உருவாவதற்கோ 19ஆவது குரோமோசோமில் உள்ள எஃப்யூடி1 என்ற வேறொரு மரபணு வேண்டும். அதன் இரண்டு பிரதிகளும் பழுதாகிவிட்டால், பி மரபணு நலமாக இருந்தும் சர்க்கரையை ஒட்டவைக்க இடமே இருக்காது. அப்படிப்பட்டவர் பரிசோதனையில் ஓ என்றே தெரிவார்; இதுதான் பாம்பே ரத்த வகை. அவருடைய பிள்ளைக்கு அந்த பி மரபணுவும், மற்ற பெற்றோரிடமிருந்து பழுதில்லாத எஃப்யூடி1 மரபணுவும் கிடைத்தால், பிள்ளை பி வகை. 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் முதன்முதலில் விவரித்த இவ்வகை, இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணிக்கப்படுகிறது.

ஏ, பி ஆன்டிஜென்களைத் திரளச் செய்யும் எதிர்ப்பொருள்களான ஆன்டி-ஏ, ஆன்டி-பி சொட்டுகளை மட்டும் விட்டுப் பார்க்கும் ஸ்லைடு பரிசோதனையில் இது பிடிபடாது. ஒருவரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) ஏ, பி செல்களோடு மட்டுமல்லாமல் ஓ செல்களோடும் கலந்து பார்க்க வேண்டும். உண்மையான ஓ வகையினரின் சீரத்தில் ஓ செல்கள் திரளாமல் சீராகக் கலந்திருக்கும். பாம்பே வகையினரிடம் ஹெச்சுக்கு எதிரான ஆன்டி-ஹெச் இருப்பதால் அவையும் கண்ணெதிரே கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். அவருடைய சொந்த செல்களோ ஆன்டி-ஹெச் சொட்டு விட்டாலும் திரளாது.

மரபணுப் பரிசோதனையே போதுமே என்று சிலர் கேட்பதுண்டு. ஏபிஓ மரபணுவை மட்டும் படித்தால், பி மரபணு உள்ள பாம்பே வகையினரை பி வகை என்றுதான் அது சொல்லும். எஃப்யூடி1 மரபணுவையும் சேர்த்துப் படித்தால்தான் கணிப்பு சரியாகும்.

உங்கள் இருவரில் ஒருவருக்கு இது உறுதியானால், அவருக்குச் சாதாரண ஓ ரத்தத்தை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. பாம்பே வகை ரத்தம் மட்டுமே பொருந்தும். அவருடன் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இதே வகை இருக்க குறைந்தது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், அவர்களையும் உடனே பரிசோதித்து, கொடையாளர்களாகப் பதிவு செய்துவையுங்கள்.